நயம் வெயில்

பெத்த மகளைத் தார்ப்பாயில காயப்போட்டு, பெரட்டி விடுறதுக்கு ஒரு ஆளும் வச்ச மனுசனைப் பாத்துருக்கீகளா? நான் பாத்துருக்கேன். பாத்ததோட நிக்கல, அந்த மனுசனுக்கு மூணு வேளையும் பொங்கிப் போடுறேன். எல்லாம் என் தலையெழுத்து.

எங்க வீட்டுக்காரரு பேரு பாண்டியராஜன். போடியில ஏலக்காய் யாவாரம். மலை மேல எஸ்டேட்டுல இருந்து வர்ற காயை ஏலத்துல எடுத்து, குடோன்ல பொம்பளையாளுகளை வச்சுப் பொறுக்கி, சல்லடையில சலிச்சு, பெருசு சிறுசுன்னு பிரிச்சு வடக்க அனுப்புவாரு. பீடி சிகரெட்டு, தண்ணி, சீட்டு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஏலக்காய் ஒண்ணுதான். அது தலைக்கு ஏறிப்போச்சு.

தெரியாதவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிர்றேன். ஏலக்காய்க்கு வெயில் ஆகாது. செடி மரத்து நிழல்ல வளரும். பறிச்ச காயையும் வெயில்ல போட மாட்டாக. போட்டா பச்சை போயி வெளுத்துரும், அப்புறம் அதை ஒருத்தன் சீந்த மாட்டான். கதவடைச்ச ஸ்டோருக்குள்ள சூடு காட்டித்தான் காய வைக்கணும். நான் பொறந்தது குரங்கணி. எங்க அண்ணன் மலைச்சாமிக்கு அங்க காப்பியும் மிளகும். அது ரெண்டும் களத்துல நட்டநடு வெயில்ல காயிற சரக்கு. என் நெறமும் காப்பிக்கொட்டை நெறம்தான். அதைப் பாத்துத்தானே கட்டிக்கிட்டாரு, நானா போயி கழுத்தை நீட்டுனேன்?

எங்களுக்கு ஒரே மக, அனுப்பிரியா. ரெண்டாப்பு படிக்கிறா. பொறந்ததுல இருந்து அவளை இந்த மனுசன் ஏலக்காயாத்தான் வளத்தாரு. வாசலுக்கு மேல பச்சை நிழல் வலை. ஸ்கூல் வேனு படிக்கட்டை ஒட்டி வந்து நிக்கணும், அந்த ரெண்டு எட்டுக்கும் குடை. விளையாட்டு பீரியடுல மத்த புள்ளைக எல்லாம் கிரவுண்டுல கெடக்க, இவ மட்டும் வகுப்புல உக்காந்து படம் வரைவா. டீச்சர்கிட்ட அவரே போயிச் சொல்லிட்டு வந்துட்டாரு. ஞாயித்துக்கிழமையானா வெள்ளைத் தாளை விரிச்சு, அதுமேல அவ கையை வைக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பாப்பாரு.

"கலர் நிக்குது"ம்பாரு, காயைச் சொல்ற மாதிரியே.

"ஏங்க, புள்ளைன்னா நாலு புள்ளையோட ஓடியாடணும்ங்க."

"ஓடுனா வேர்க்கும். வேர்த்தா ஈரம். ஈரம் பட்டா பூசணம் பூக்கும்."

"அவ காயில்ல. நான் பத்து மாசம் சொமந்த புள்ளை."

"நயம் புள்ளை"ன்னு சொல்லிட்டு குடோனுக்குப் போயிருவாரு.

நயம்னா மொத தரம். அவரு வாயில இருந்து அதுக்கு மேல ஒரு பாராட்டு வராது. என்னைய ஒருதடவைகூட நயம்னு சொன்னதில்ல, அது வேற விசயம்.

அவரும் அப்படித்தான் வளந்தாராம். என் மாமனாரு மகனை வெயில்ல விட்டதே இல்லையாம், பேட்டு தொட்டதில்லை, சைக்கிள் மிதிச்சதில்லை. அந்த மாமனாரு ஏல மண்டபத்துல கை நெறையச் சாம்பிள் காயை அள்ளி மோந்து பாத்தவரு, அப்படியே சாஞ்சுட்டாரு. நெஞ்சு. அப்ப அவருக்கு அம்பது வயசுகூட ஆகல. எங்க வீட்டுக்காரரும் இப்ப அந்த வயசை நெருங்கிட்டாரு. வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா ராத்திரியில நெஞ்சுமேல கையை வச்சுக்கிட்டேதான் தூங்குவாரு.

இப்படி இருக்கையில அனுவுக்குக் கால் வலி வந்துச்சு. முழங்கால் வலிக்குதும்மா, கெண்டைக்கால் வலிக்குதும்மான்னு சாயங்காலமானா அழுவா. குழந்தை டாக்டர் ராம்பிரசாத்துகிட்டக் கூட்டிட்டுப் போனோம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, புள்ளைக்கு வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்குன்னாரு.

"வெயில்ல விளையாடுறதே இல்லையா?"

நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு சுவத்துல மாட்டியிருந்த குழந்தை படத்தைப் பாத்தாரு.

டாக்டரு பொறுமையாத்தான் சொன்னாரு. எலும்புக்கு இது இப்பவே வேணும், மருந்து எழுதித் தர்றேன், காலை மாலை வெளிய விட்டு விளையாட விடுங்கன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். "வெளிநாட்டுல சின்னப் புள்ளைகளைப் பெரியாளாகுற வரைக்கும் விடாம கவனிச்சுப் பாத்துருக்காங்க. சின்ன வயசுல இது கம்மியா இருந்தவங்கள்ல, பின்னாடி ரத்தக்குழாய் சுவரு தடிச்சுப் போனவங்க கொஞ்சம் கூடுதலா இருந்துருக்காங்க. நெஞ்சுக்கு அது நல்லதில்ல. இதுனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கவனமா இருங்க"ன்னாரு.

எங்க வீட்டுக்காரரு காதுல நெஞ்சுங்கிற ஒத்தச் சொல்லுதான் விழுந்துச்சு. மத்ததெல்லாம் சல்லடையில விழுந்த தூசி மாதிரி கீழ போயிருச்சு. வீட்டுக்கு வர்ற வழியில ஆட்டோவுக்குள்ள என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. வேர்த்துப்போயி இருந்துச்சு அந்தக் கை.

"எங்க அப்பா வெயில் படாம வளந்தாரு, கலை. போயிட்டாரு. நானும் வெயில் படாம வளந்தேன். இப்ப இவளையும் நான்தானே நிழல்ல வச்சேன்? என் புள்ளை நெஞ்சை நானே கெடுத்துட்டேனாடி?"

சண்டை போடணும்னு நாக்கு நுனி வரைக்கும் வச்சுருந்தேன். அவரு மூஞ்சியைப் பாத்ததும் அது உள்ளயே போயிருச்சு. "இனிமே வெளிய விடுவோம்ங்க, எல்லாம் சரியாப் போகும்"னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன், சத்தியமா.

மறுநாள் விடியக்காலம் மொட்டை மாடியில சத்தம் கேட்டுப் போயிப் பாத்தா, மனுசன் வெயிலைச் சாம்பிள் பாத்துக்கிட்டிருக்காரு. உள்ளங்கையில வெயிலை ஏந்தி, கட்டைவெரலால தேச்சு, மோந்து பாக்குறாரு.

"இது ஈர வெயிலு. எடை நிக்காது" அப்படின்னாரு.

பத்து மணிக்கு மறுபடி ஏறுனாரு. "தடிமன் இருக்கு, வாசம் இல்ல." மத்தியானம் ஏறி எறங்குனவரு உதட்டைப் பிதுக்குனாரு. "கருகல். ரெண்டாந்தரத்துக்கும் கீழ." கடைசியில, பஸ்சுப் புகையும் புழுதியும் கலந்து போடி வெயிலே கலப்படமாப் போச்சு, மலையடிவாரத்து வெயில்தான் நயம், குரங்கணிக்குப் போறோம்னு முடிவு பண்ணிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். பொறந்த ஊரு. எங்க அண்ணன் வீட்டுக் களத்தைச் சுத்தி எம்புட்டு எடம், புள்ளை ஆசை தீர ஓடட்டும்னு நெனச்சேன்.

லீவு விட்டதும் எங்க அண்ணனே ஜீப்பைக் கொண்டாந்தாரு. பாத்தா ஜீப்புல அனு மட்டும் இல்ல, இன்னும் ஏழு புள்ளைக. எங்க வீட்டுக்காரரு ஏல மண்டபத்துல வாயை விட்டுருக்காரு. நெஞ்சுக்கு வெயில்னு சொன்னதும் மத்த யாவாரிகளும் அவுகவுக புள்ளைகளை ஏத்தி அனுப்பிட்டாக. அம்புட்டும் நிழல்ல வளந்த ஸ்டோர் காய்க. ஒவ்வொண்ணு சட்டையிலயும் ஊக்கு குத்தி, ஏல மூட்டைக்கு ஒட்டுற மாதிரி லாட் நம்பர் சீட்டு. மாறிப் போயிரக் கூடாதுன்னு.

வழியில வனத்துறைக்காரரு ஒருத்தரு கையைக் காட்டி ஜீப்பை நிறுத்துனாரு. "என்ன லோடு?"

எங்க அண்ணன் வாயைத் தொறக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு முந்திக்கிட்டாரு. "காயப்போட, சார்."

அந்தாளு உள்ள எட்டிப் பாத்தாரு. எட்டு சோடிக் கண்ணு அவரைத் திருப்பிப் பாத்துச்சு. வானத்தை ஒரு பார்வை பாத்துட்டு, "சரி, சாயங்காலத்துக்குள்ள அள்ளிருங்க, மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னு சொல்லி விட்டுட்டாரு. இந்த ஊருல ஒருத்தனுக்கும் புத்தி இல்லைன்னு அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு.

களத்துல வந்து எறங்குனதும் தார்ப்பாயை விரிச்சாரு. புள்ளைகளைப் பெருசு ஒரு வரிசை, சிறுசு ஒரு வரிசைன்னு பிரிச்சுப் படுக்க வச்சாரு. மிளகு காயப்போடுற செல்லக்கிளியைக் கூப்பிட்டு, பெரட்டுப் பலகையைக் கையில குடுத்து, ரெண்டு பக்கமும் ஒரே சீரா வெயில் படணும்னு சொன்னாரு. செல்லக்கிளி பாவம், சொன்ன வேலையைச் செய்யிற பொம்பளை. பலகையால அனுவை ஒரு தள்ளுத் தள்ளிப் பாத்துட்டு என்னையப் பாத்தா.

"ஏக்கா, இது பெரள மாட்டேங்குதே. சிரிக்கில்ல செய்யுது."

"சிரிக்கக் கூடாது"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. "காயிற சரக்கு அசையக் கூடாது."

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "யோவ்! டாக்டரு விளையாட விடச் சொன்னாரு. வத்தல் போடச் சொல்லல!"

"வெயில்தானே வேணும்? வெயில் படுதுல்ல? ஓடுனா நெஞ்சுக்கு வேலை கூடும். இருக்கிற நெஞ்சை நான் பத்திரமாக் காப்பாத்தணும். நீ சும்மா இருடி."

எங்க அண்ணன் காப்பி டம்ளரோட வந்து நின்னு, "மாப்ளே, ஊறுகா போடுறதா இருந்தா உப்புக் கொண்டாரவா?"ன்னு கேட்டாரு. அவரு காதுல அதெல்லாம் விழுகல.

தெனமும் இதே கூத்து. காலையில போடியில இருந்து லோடு, பத்து மணி வரைக்கும் காயிறது, நிழல்ல ஆத்துறது, மறுபடி சாயங்காலம் காயிறது. எடை வேற போட்டாரு. ஏலக்காய் காஞ்சா எடை கொறையணும், இதுகளுக்கு எங்க அண்ணி சுட்டுப் போட்ட பணியாரத்துல எடை கூடிப்போச்சு. "ஈரம் எறங்கலையே"ன்னு தலையில கையை வச்சுக்கிட்டாரு. அனுவோ வானத்தைப் பாத்து, பேசாம கெடப்பா. களத்து ஓரத்துல எங்க அண்ணன் வளக்குற ஆட்டுக்குட்டி ரெண்டு குதிச்சு விளையாடும். அவ கண்ணு மட்டும் அதுக பின்னாடியே போகும். காலு தார்ப்பாய்க்குள்ளயே லேசா ஆடும். நிழல்ல கட்டிப்போட்டதை வெயில்ல கட்டிப்போட்டாச்சு, வேறென்ன மாறுச்சு?

காஞ்சுருச்சான்னு பாக்க ஏலக்காய்க்காரங்க ஒரு வேலை செய்வாக. காயைக் காதுகிட்ட வச்சுக் குலுக்குவாக. உள்ள விதை கலகலன்னா காஞ்சதுன்னு அர்த்தம். சத்தம் வரலைன்னா இன்னும் ஈரம் இருக்கு, எடுக்கக் கூடாது. புள்ளையைக் குலுக்க முடியுமா? அதனால இவரு சாயங்காலமானா அனு நெஞ்சுல காதை வச்சுக் கேப்பாரு.

"என்ன சத்தம் வருது?"ம்பேன்.

"டொக்கு... டொக்குன்னு. மெதுவா, சீரா இருக்கு. நயம்."

சொல்லிட்டுத் தன் நெஞ்சுலயும் கையை வச்சுப் பாத்துக்குவாரு. அந்த நேரம் மட்டும் அவரு மூஞ்சியில ஒரு நிம்மதி தெரியும். அதுக்காகவே நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒருநாள் வெயில் வெளுத்து வாங்கிக்கிட்டிருந்தது, திடீர்னு கொட்டகுடி பக்கம் கருக்கல் கட்டுச்சு. காத்து ஒரு சுத்துச் சுத்துச்சு. களத்துக்காரங்களுக்கு அந்தக் காத்து பட்டாப் போதும், கையும் காலும் தானா ஓடும். செல்லக்கிளி பலகையைத் தூக்கிப் போட்டுட்டுக் கத்துனா.

"மழை வருதுடோய்! அள்ளுங்க! வெரசா அள்ளுங்க!"

எங்க வீட்டுக்காரரு தார்ப்பாய் முனையைப் புடிச்சு, சரக்கை அள்ளுற மாதிரியே புள்ளைகளைச் சேத்து இழுத்தாரு. மொதத் துளி விழுந்துச்சு. அம்புட்டுத்தான். எட்டும் எந்திரிச்சு எட்டுத் திசைக்கும் சிதறி ஓடுச்சுக. லாட் நம்பர் சீட்டெல்லாம் காத்துல பறக்குது. அனு ஆட்டுக்குட்டி பின்னாடி காப்பிச் சரிவுல ஏறி ஓடுறா. வாழ்க்கையில மொத தடவையா என் மக ஓடுறதைப் பாக்குறேன். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, விழுந்து எந்திரிச்சு, ஓன்னு கத்திக்கிட்டு ஓடுறா. நான் அப்படியே நின்னுட்டேன். புடிக்கணும்னுகூடத் தோணல எனக்கு.

"அனு! ஈரம்! ஈரம் பட்டுரும்!"னு கத்திக்கிட்டு அவரு பின்னாடி ஓடுனாரு. வேட்டியை மடிச்சுக் கட்டத் தெரியல, ஒரு கையில அள்ளிப் புடிச்சுக்கிட்டு ஓடுறாரு. செருப்பு ஒண்ணு பறந்து போயி மிளகுக் கொடியில மாட்டிக்கிச்சு. சரிவுல பாதி தூரம் போயி அவளை எட்டிப் புடிச்சுட்டாரு. புடிச்ச கையோட ஒரு மரத்தடியில சாஞ்சு உக்காந்தாரு. நெஞ்சை ரெண்டு கையாலயும் அமுக்குனாரு.

"கலை! வந்துருச்சுடி! எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு!"

இந்த மனுசனை எம்புட்டு வஞ்சுருக்கேன், கிறுக்கன், கோட்டிக்காரன்னு! "அண்ணே! ஜீப்பை எடு!"ன்னு அலறிக்கிட்டு மேல ஓடுனேன். சேலை தடுக்கி விழுந்து, முழங்கால் பேந்து, எந்திரிச்சு ஓடுனேன்.

"எங்கங்க வலிக்குது? கையில வலிக்குதா? தோள்பட்டையிலயா?"

"வலி இல்லடி. அடிக்குது. உள்ள என்னமோ தம்மு தம்முன்னு அடிக்குது. வெளிய வந்து விழுந்துரும்போல இருக்கு. புள்ளையைப் பாத்துக்க, கலை. வெயில்ல போடு. மறந்துராத."

அப்ப அனு தன் சின்னக் கையைத் தன் நெஞ்சுல வச்சுப் பாத்தா. அவ மூஞ்சி அப்படியே மாறிப் போச்சு. உதடு பிதுங்குச்சு.

"அம்மா... எனக்கும் அடிக்குதும்மா. நானும் செத்துப் போயிருவேனா?"

மழை சோன்னு பெய்யுது. அப்பனும் மகளும் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு, சாகப் போறோம்னு அழுகுதுக. நெஞ்சு இப்படி அடிக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ஓடியிருந்தால்ல தெரியும்?

அவரு கையைப் புடுங்கி என் நெஞ்சுல வச்சேன். இன்னொரு பக்கம் அவ கையை வச்சேன்.

"இந்தா, எனக்கும்தான் அடிக்குது! கேளுங்க! ஓடுனா அடிக்கும்யா! எல்லாருக்கும் அடிக்கும்! ஆட்டுக்குட்டிக்கும் அடிக்கும்!" சொல்லச் சொல்ல எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"எல்லாருக்குமா?"ன்னாரு. மழைத் தண்ணி மூக்குல ஒழுகுது. நம்பல. மூச்சிரைக்க ஓடியாந்த எங்க அண்ணன் நெஞ்சுலயும் கையை வச்சுப் பாத்தாரு. "என்ன மாப்ளே, என்னையுமா தரம் பிரிக்கிறீக?"ன்னு எங்க அண்ணன் நெளிஞ்சாரு.

அதுக்காக நான் சும்மா விடல. நெஞ்சு விசயத்துல வெளையாட முடியுமா? மத்த புள்ளைகளை எங்க அண்ணிகிட்ட விட்டுட்டு, அந்த ஜீப்புலயே அள்ளிப் போட்டுப் போடிக்குக் கொண்டாந்து, பெரிய டாக்டரம்மாகிட்டக் காட்டி, இசிஜி எடுத்தோம். அந்தம்மா தாளை நீட்டிப் பாத்துட்டு, நெஞ்சு நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் பேனாவை எடுத்துக்கிட்டு, "இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப ஓடுனீங்க?"ன்னு கேட்டாங்க.

இவரு மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. விரலை மடக்கி யோசிச்சாரு.

"இன்னைக்குத்தான் மொதல் தடவை, டாக்டர்."

அந்தம்மா ஒண்ணும் எழுதல, பேனாவை மூடிக் கீழ வச்சுட்டாங்க. என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. நான் முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டேன்.

தெனமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போங்க, புள்ளையோட விளையாடுங்கன்னு அந்தம்மா சொன்னதுக்கு, "வெயில் எந்தத் தரத்துல இருக்கணும்?"னு கேட்டாரு. நான் அவரு காலை மிதிச்சேன்.

வெளிய வந்தா மழை விட்டு, சாயங்கால வெயில் சுள்ளுன்னு அடிச்சுக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல அனு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கிட்டிருந்தா. இவரு பழக்கதோசத்துல என் கையில இருந்த குடையை வாங்குனாரு. விரிக்கப் போனாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, மண்ணுல முழங்கால் போட்டு உக்காந்தாரு. ஓடியாந்த புள்ளையைப் புடிச்சு, அவ நெஞ்சுல காதை வச்சாரு. மறுபடி பயந்துருவாரோன்னு எனக்குப் பயம்.

"என்னங்க, என்ன சத்தம் வருது?"

காதை எடுக்காமலே என்னையப் பாத்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"கலகலங்குதுடி" அப்படின்னாரு.